நூல் பின்னக் காலிக்குப் போனோம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

இரண்டாம் தவணை விடுமுறையில் எங்கள் ஊர்ப் பெண்கள் இருபத்திரண்டு பேர் மூன்று நாள் பயணமாக வெலிகமைக்கும் காலிக்கும் போய் வந்தோம். கடல் பார்க்கவென்றால் எங்கள் வீட்டு வாசலிலேயே கடல் இருக்கிறது. நாங்கள் போனது பீரலு ரேந்தை பின்னப் படிக்க. அப்படியே போகிற வழியில் நாலு இடமும் பார்க்க.

போகுமுன்னரே கதை தொடங்கிவிட்டது. “வேல வெட்டி இல்லாத பொண்டுகள் நூல் பின்ன பஸ் புடிச்சிப் போறாளுகளாம்” என்று சந்தியில் ஒருவர் சொன்னாராம். வந்த பிறகு இன்னொருவர், “காலிக்குப் போய் காசையும் காலி பண்ணிட்டு வந்திரிக்காளுகள்” என்றாராம். இரண்டாமவருக்கு மொழி வளம் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இருக்கும் தமிழ்ப் பாட டீச்சர் அவருக்கு முழுப் புள்ளியும் போட்டுவிட்டார்.

கோபத்தில் இதை எழுதவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் எங்கள் மனதில் விழுந்த ஒரு விடயம் இருக்கிறது. அதை ஊரோடு பேச வேண்டும்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். 2020இல் கொரோனாவுக்காக ஊரை மூடியிருந்த காலத்தில், வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் குரோஷே பின்னல் காட்டிக் கொடுக்கத் தொடங்கியவர்கள்தான் நாங்கள். ஊர் திறந்த பிறகு சனிக்கிழமை அஸருக்குப் பின் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆறு பேர் ஆசிரியைகள். மற்றவர்கள் வீட்டில் இருப்பவர்கள், தையல் செய்பவர்கள். இரண்டு பேர் பேரப்பிள்ளை கண்டவர்கள். தொப்பி, குழந்தைக்கு மேஸும் குல்லாவும், மேசை விரிப்பு என்று கைக்கு வருவதைப் பின்னுவோம். பயணக் காசு யாருடைய கணவரின் பொக்கற்றிலிருந்தும் வரவில்லை. வாரம் 300 ரூபாய் சீட்டுப் போட்டோம். வருடம் முடிய ஆளுக்கு 15,600 சேர்ந்தது. பஸ், தங்குமிடம், சாப்பாடு, வகுப்புக் காசு எல்லாம் அதற்குள் அடங்கின.

மார்க்க விடயமாகக் கேட்டவர்களுக்கு: ஆலிம் ஒருவரிடம் கேட்டுத்தான் ஏற்பாடு செய்தோம். கணவன்மார், மகன்மார், சகோதரர்கள் என்று பதினொரு ஆண்களும் கூட வந்தார்கள். இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதும் எங்களுக்குத் தெரியும், அதை இங்கே கிளறப் போவதில்லை. வந்த ஆண்களில் ஒருவர், பீரலு கட்டையில் நூல் சுற்றுவதில் எங்கள் எல்லாரையும் விட வேகம் என்பதை மட்டும் பதிவு செய்து வைக்கிறோம்.

“நூல் பின்னுறதுக்கெண்டு ஆரு ஊர் விட்டு ஊர் போறா?” என்று கேட்டார்கள். உலகத்தில் நிறையப் பேர் போகிறார்கள். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே, குளிரும் காற்றும் அடிக்கிற ஷெட்லாந்து தீவுகள் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு வருடமும் கம்பளிப் பின்னலுக்கென்றே ஒரு வாரம் நடத்துகிறார்கள். பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காலையில் பின்னல் வகுப்பு, பின்னேரம் ஆட்டுப் பண்ணையும் கடற்கரையும் பார்ப்பது. எங்கள் ஆங்கில டீச்சர் இதன் வீடியோக்களை பஸ்ஸில் காட்டிக்கொண்டு வந்தார்.

அதோடு அவர் சொன்ன இன்னொரு விடயம்தான் முக்கியம். அந்தத் தீவுப் பெண்கள் ஒரு காலத்தில் முதுகில் கூடை சுமந்து நடக்கும்போதும் கை ஓயாமல் பின்னியவர்கள். முதுகில் அடுப்புக்குப் போடும் கரி மண், கையில் ஊசியும் நூலும். பின்னியதைக் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் காசு கொடுக்க மாட்டார். தேயிலை கொடுப்பார், துணி கொடுப்பார், கொப்பியில் எழுதிக்கொள்வார். இது பற்றி 1872இல் அரசாங்க விசாரணையே நடந்தது. இன்றைக்கு அதே பின்னலைப் படிக்க ஆட்கள் காசு கட்டி, கப்பலேறி வருகிறார்கள்.

கடையில் கொப்பியில் எழுதிக்கொள்வது என்றதும் பஸ்ஸில் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் கரையில் பன்பாய் இழைக்கிற உம்மாமாருக்கு இந்தக் கதை புதிதில்லை.

பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று இறங்கி, அம்பாந்தோட்டைப் பக்கம் திரும்பி, பின்னேரம் வெலிகமைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் வாந்தி எடுத்தவர்கள், சோற்றுப் பொதியில் கறி கசிந்தது, அன்டாக்ஷரி எல்லாம் வழமைபோல. அதை விடுவோம்.

அடுத்த நாள் காலை வகுப்பு. படிப்பித்தவர் ஒரு சிங்கள அக்கா, ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீட்டு விறாந்தையிலும் முற்றத்துக் கொட்டகையிலுமாகப் பாய் விரித்து எங்களை இருத்தினார். எங்களில் ஒருவர் குருநாகலில் பல வருடம் படிப்பித்தவர், அவர் மொழிபெயர்த்தார்.

பீரலு என்பது சின்ன மரக்கட்டை. விரல் நீளம்தான் இருக்கும், ஒரு முனையில் நூல் சுற்றியிருக்கும். போர்த்துக்கேயர் காலத்தில் இந்தக் கரைக்கு வந்த கலை என்பது பொதுவான வழக்கு. அவர்களுடைய மொழியில் இந்தக் கட்டைக்கு ‘பில்ரோ’ என்று பெயர், அதுதான் இங்கே பீரலு ஆனது. இறுக்கி அடைத்த தலையணை ஒன்றின் மேல் கட்டம் போட்ட தாளில் வரைந்த மாதிரியைச் சுற்றியிருப்பார்கள். தாளில் புள்ளி புள்ளியாகத் துளை. துளைக்கு ஒரு குண்டூசி. சோடி சோடியாகக் கட்டைகள் தொங்கும். செய்ய வேண்டியது இரண்டே வேலைதான்: நூலைக் குறுக்கே போடுவது, முறுக்குவது. பிறகு ஊசி குத்துவது. குறுக்கே, முறுக்கு, ஊசி. கேட்க லேசு!

குரோஷேயில் ஒரு ஊசி, ஒரு நூல். பிழைத்தால் இழுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். இதில் பிழைத்தால் வந்த வழியே ஊசி ஊசியாகக் கழற்றிக்கொண்டு பின்னால் போக வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஆக லேசான மாதிரி. அதிலும் பகல் சாப்பாட்டுக்குள் எங்களில் கெட்டிக்காரி பின்னியது இரண்டு விரல் அகலம். அந்த அக்காவின் கை மட்டும் கட்டைகளைப் பார்க்காமலே ஓடியது. கட்டைகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எங்கள் கொட்டகையில் இருபது விதச் சத்தம்.

காசு கொடுக்கும் நேரம் வந்தது. ஆளுக்கு 2,000 என்று முன்னமே பேசியிருந்தோம். எங்களில் ஒருவர், பழக்க தோஷத்தில், “இருபத்திரெண்டு பேர் வந்திரிக்கோமே, கொஞ்சம் குறைக்க ஏலாதா?” என்று கேட்டுவிட்டார். அக்கா கோபப்படவில்லை. “வாங்குகிற ரேந்தையில் குறைத்துத் தருகிறேன். படிப்பிக்கிற காசில் குறைக்க மாட்டேன். என் மகளுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்டவர் ஒரு ஆசிரியை. டியூஷன் காசைப் பிள்ளைகள் பிந்திக் கொடுத்தால் யோசிக்கிற ஆசிரியை. பெயர் சொல்ல மாட்டோம், அவரும் இதை வாசிப்பார்.

ஆனால் அன்று நடந்த பெரிய விடயம் அதுவல்ல.

எங்களோடு வந்தவர்களில் எழுபது வயது தாண்டிய உம்மா ஒருவர் இருந்தார். எங்கள் கூட்டத்தில் உள்ள ஒரு சகோதரியின் உம்மா. சிறு வயதிலிருந்து பன்பாய் இழைப்பவர். கண் பிடிக்காது என்று கட்டையைத் தொடாமல் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அருகிலிருந்த மகளின் தலையணையைக் காட்டி, “புள்ள, நீ அந்த ரெண்டாவது சோடியை விட்டுட்டாய். ரெண்டு எடுத்து ஒண்டு விடோணும். இது பாய்க்கணக்குத்தானே” என்றார். பார்த்தால் அதுதான் பிழை.

மொழிபெயர்ப்பு டீச்சர் இதை அக்காவிடம் சொன்னார். அக்கா எழுந்து வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். பாய் எப்படி இழைப்பது என்று கேட்டார். உம்மா அங்கே முற்றத்தில் கிடந்த தென்னோலையைக் கிழித்து, ஒரு கை அளவுக்கு இழைத்து, மூலை மடக்கிக் காட்டினார். பன்னை எந்தப் பதத்தில் அறுப்பது, எத்தனை வெயில் காய்வது, சாயம் காய்ச்சும்போது எப்போது இறக்குவது என்று கையாலேயே சொன்னார். பாதிக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பிறகு சுனாமிப் பேச்சு வந்தது. அவருடைய வீட்டுக்கும் தண்ணீர் வந்தது, எங்கள் ஊருக்கும் வந்தது. ஒரே காலை. அதைப் பற்றி நாங்கள் அதிகம் எழுதத் தேவையில்லை. எங்கள் கரையில் யாருக்குத்தான் தெரியாது.

கடைசியில் அக்கா கேட்டார்: “நீங்கள் படிப்பிக்க எவ்வளவு எடுப்பீர்கள்?”

உம்மா சிரித்துவிட்டார். “ஆரு மனே படிக்க வாரா?”

அந்தப் பதில் எங்களை அடித்தது. அவருடைய சொந்த மகளே குரோஷேயை யூடியூப்பில் படித்தவர், பாய் இழைக்கத் தெரியாதவர். எங்கள் இருபத்திரண்டு பேரில் பாய் இழைக்கத் தெரிந்தவர் அந்த உம்மா ஒருவர்தான். எங்கள் எல்லாருடைய மூத்தம்மாமாரும் இழைத்தார்கள். மரைக்கார் வீடு, ஏழை வீடு என்ற பேதமில்லாமல் எல்லார் வீட்டிலும் பாய் இருந்தது. கலியாணத்துக்கு, சுன்னத்துக்கு, மௌத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பாய் இருந்தது. நாங்களோ எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் போய், காசு கட்டி, வேறொரு ஊரின் கைவேலையைப் படித்துக்கொண்டிருக்கிறோம். போனது பிழை என்று சொல்லவில்லை. போகாவிட்டால் இது தெரிந்திருக்காது.

அன்றிரவு தங்குமிடத்தில் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டோம். கணித டீச்சர் ஒருவர் இருந்தால் இப்படித்தான் நடக்கும். ஒரு குழந்தை செட் பின்ன எங்களில் ஒருவருக்கு ஒன்பது மணித்தியாலம் போகிறது. நூலுக்கு 700 ரூபாய். அவர் விற்பது 1,200க்கு. மணித்தியாலத்துக்கு 55 ரூபாய் சொச்சம். ஒரு பிளேன்டீக் காசு. அதையும் வாங்குகிறவர் “ராத்தா, ஆயிரம் ரூபாய்க்குத் தாங்களேன்” என்பார். யார் அந்த வாங்குகிறவர்? நாங்கள்தான். ஒருவர் பின்னியதை மற்றவர் குறைத்துக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

பாய்க்கணக்கு இதைவிட மோசம். பன் அறுப்பது, காயப்போடுவது, சாயம் ஆகியவற்றை விட்டுவிட்டு இழைக்கிற நேரத்தை மட்டும் எடுத்தாலும் அந்த உம்மாவுக்கு இரண்டு நாள். கடைக்காரர் கொடுப்பது 1,500. அதில் பாதி ஏற்கனவே வாங்கிய அரிசிக்கும் மாவுக்கும் கழிந்துவிடும். அதே பாயைக் கொழும்பில் கண்ணாடிக் கடையொன்றில் எங்களில் ஒருவர் கண்டிருக்கிறார். விலையை இங்கே எழுதினால் அந்த உம்மாவுக்கு நித்திரை வராது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லத்தான் வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்களில் எத்தனை தையல் பயிற்சி, கைவேலைப் பயிற்சி நடந்தது என்று எண்ண முடியாது. எல்லாம் இலவசம். பகல் சாப்பாடும் உண்டு, போக்குவரத்துக் காசும் உண்டு. கடைசி நாளில் சான்றிதழ், படம். அந்தச் சான்றிதழ்கள் இன்றைக்கும் சில வீட்டுச் சுவரில் இருக்கின்றன. கொடுத்த மெஷின்களில் எத்தனை ஓடுகின்றன? கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் ஆறுதலாக இருந்தது. ஆனால் அங்கெல்லாம் வெளியாட்கள் வந்து எங்களுக்குப் படிப்பித்தார்கள். ‘உங்களுக்கு என்ன தெரியும், எங்களுக்குப் படிப்பியுங்கள்’ என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பாடசாலையில் செய்முறைப் பாடத்துக்கு யூடியூப்பைப் பார்த்துக் காகிதப் பூச் செய்யப் பிள்ளைகளிடம் சொல்கிறோம். பாடசாலை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு உம்மா பாய் இழைத்துக்கொண்டிருப்பார். இது எங்கள் மீதுள்ள பிழை, ஆசிரியைகள் என்ற முறையில்.

மூன்றாம் நாள் காலி. கோட்டையைப் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வெளிச்ச வீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். தூரத்தில் பார்த்தால் தேவாலயம் போலிருக்கும், எங்கள் பிள்ளைகளில் ஒன்று அப்படித்தான் கேட்டது. மதில் மேல் நடந்தோம். காற்றில் பர்தாவைப் பிடித்துக்கொள்வதே வேலையாகிவிட்டது. வரலாற்று டீச்சர் மதிலில் இருத்தி வைத்து ஒரு பாடமே நடத்திவிட்டார். சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கிற கல்வெட்டு ஒன்று இந்தக் காலியில்தான் அகப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுதியது. பாரசீகப் பகுதியில் அல்லாஹ்வின் பெயர், தமிழ்ப் பகுதியில் தெனவரை நாயனார், சீனப் பகுதியில் புத்தர். 1911இல் அதைக் கண்டெடுத்தபோது அது ஒரு மதகில் கிடந்ததாம். இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. “மதகிலயா?” என்று அந்த உம்மா இரண்டு தரம் கேட்டார்.

கோட்டைத் தெருக்களில் ரேந்தை விற்கிற கடைகள் நிறைய. வெலிகமையில் இரண்டு விரல் அகலம் பின்னிப் பார்த்த பிறகு, ஒரு முழ ரேந்தையின் விலையைக் கேட்டு ஒருவரும் “இவ்வளவா!” என்று சொல்லவில்லை. வாங்கக் காசு இல்லாதவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தோம். வாங்கியவர்கள் கேட்ட விலைக்கு வாங்கினோம். பயணம் போன இருபத்திரண்டு பேரும் மாறிவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. திரும்பி வரும்போது திஸ்ஸமஹாராமவில் தயிர்ச் சட்டிக்கு விலை பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஊரில் சொல்லப்பட்ட குறைகளில் ஒன்றும் எங்களைப் பெரிதாகத் தொடவில்லை. ஆனால் ஒருவரும் சொல்லாத குறை ஒன்று இருக்கிறது, அதை நாங்களே சொல்கிறோம். கைவேலையை வைத்தே அடுப்பெரிக்கிற இரண்டு சகோதரிகளைக் கூப்பிட்டிருந்தோம். சீட்டுக் காசை நாங்கள் போடுகிறோம் என்றும் சொன்னோம். அவர்கள் வரவில்லை. “மூணு நாள் கை ஓஞ்சா வீட்டில ஆரு திங்கத் தாறது?” என்று கேட்டார்கள். பொழுதுபோக்குக்குப் பின்னுகிற நாங்கள் போனோம், சீவியத்துக்கு இழைக்கிறவர்கள் வீட்டில் இருந்தார்கள். அந்த மூன்று நாள் கூலியையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது திரும்பி வரும்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அடுத்த சீட்டில் அதற்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. பன் விளைகிற கரைச்சை நிலங்கள் வருடா வருடம் மண் போட்டு நிரவப்படுகின்றன. வீடு கட்ட இடமில்லாத ஊரில் அதற்கு யாரை நோவது? ஆனால் மிஞ்சியிருக்கிற துண்டுகளையாவது விட்டு வையுங்கள் என்று பள்ளிவாசல் நிருவாகத்திடமும் பிரதேச சபையிடமும் கேட்க நினைத்திருக்கிறோம். கடிதம் எழுதியாகிவிட்டது. கையொப்பம் வைக்க விரும்புகிறவர்கள் எங்கள் யாரிடமாவது சொல்லுங்கள்.

இனி இந்தப் பதிவின் காரணத்துக்கு வருகிறோம். அந்த உம்மா பாய் இழைக்கப் படிப்பிக்கச் சம்மதித்திருக்கிறார். லேசில் சம்மதிக்கவில்லை. “காசு வாங்கினா ஊர் என்ன சொல்லும்?” என்று இரண்டு வாரம் இழுத்தார். பிறகு ஆளுக்கு 200 என்றார். நாங்கள் 2,000 என்றோம். வாழ்க்கையில் முதல் தடவையாக விலையைக் கூட்டச் சொல்லிப் பேரம் பேசினோம். கடைசியில் 1,000 ரூபாய்க்கு இணங்கினார், பன்னும் சாயமும் அதற்குள் அடக்கம். வருகிற சனிக்கிழமை தொடங்கி நாலு சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின், அவருடைய வீட்டு முற்றத்தில். பத்துப் பேருக்குத்தான் இடம். ஆறு பேர் பெயர் தந்துவிட்டார்கள். வெலிகம அக்காவும் அவருடைய மகளும் டிசம்பர் விடுமுறையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ். அவர்களிடமும் அதே காசுதான், சாப்பாடு மட்டும் எங்கள் கணக்கு.

காசை உம்மாவின் கையிலேயே கொடுங்கள், எங்களிடம் தர வேண்டாம். பன் அறுத்துக் காயப்போட்டாயிற்று. நெடுநேரம் குந்தியிருக்க ஏலாதவர்கள் ஒரு சின்னத் தலையணை கொண்டுவாருங்கள்.